மேலும் கீழும், ஆச்சு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். நானும் வீட்டுக்காரியும் பெண்ணும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது, அத்தானின் இருமல் நின்றதா என்று எழுதவும்.

இத்துடன் உள்ள காகிதப் பொட்டலத்தை மெதுவாகத் திற. போன வாரம் எங்கள் ஏரிப் பூங்கா நடைபாலத்தில் ஒரு பலகை உடைந்துவிட்டது. பறவைகளை வரைய வந்த ஒரு அம்மாவின் கால் உள்ளே போய், கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். பலகையை மாற்றத் தட்டைப் படகில் மல்லாந்து படுத்துக்கொண்டு பாலத்துக்கு அடியில் போனேன். ஏழெட்டுப் பலகைகளின் அடிப்பக்கத்தில் பாலாடை மாதிரி வெள்ளையாக ஒன்று படர்ந்திருக்கிறது. ஓரம் மட்டும் லேசான ஊதா. தடவினால் பொடிப் பற்கள் போல நெருடுகிறது. வெள்ளரிக்காய் நறுக்கின வாசனை.

அதிகாரியிடம் சொன்னேன். "உங்க அக்கா பூஞ்சை ஆராய்ச்சிதானே பண்றாங்க? அனுப்பிக் கேளுங்க. வருஷம் ரெண்டு தடவை எண்ணெய் பூசுற மரத்துல இது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்" என்றார். முன்பு நீ கொடுத்து வைத்திருந்த லேபிள் சீட்டு ஒன்றை அவர் மேசையிலேயே வைத்து நிரப்பினேன். 'மரத்தின் பராமரிப்பு' என்ற கட்டத்தில், பதிவேட்டில் இருப்பதை அப்படியே எழுதியிருக்கிறேன்: வருடம் இருமுறை எண்ணெய்ப் பூச்சு, மேலும் கீழும், ஆச்சு.

ஏதாவது சாதாரணப் பூஞ்சையாகத்தான் இருக்கும். அவசரமில்லை. நேரம் கிடைக்கும்போது பார்த்தால் போதும்.

உன் தம்பி


ஜனவரி 30

என் அருமை ஆச்சுவுக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால் மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வலிக்கிறது. அத்தானின் இருமல் நின்றுவிட்டது. அதனால் இப்போது நாள் பூராவும் பேசுகிறார், இருமலே தேவலை. உன் தோள் எப்படி இருக்கிறது? மூன்று வருடத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்தாயே, குளிர் நாளில் படுத்துகிறதா?

உன் லேபிளைப் பார்த்துத் தனியாகச் சிரித்தேன். அதிலும் 'ஆச்சு' என்று எழுதியிருக்கிறாய். பல் தேய்த்தாயா, ஆச்சு. செடிக்குத் தண்ணீர் ஊற்றினாயா, ஆச்சு. அம்மா கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும், அதுவே உன் பெயராகவும் ஆகிவிட்டது. போனிலும் எல்லாவற்றுக்கும் ஆச்சு சொல்லி வைத்துவிடுகிறாய் என்றுதானே உன்னைக் கடிதம் எழுத வைத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பாலாடை எனக்குப் பிடிபடவில்லை. இருபத்தாறு வருடமாக மரத்தைத் தின்னும் பூஞ்சைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாதி ஊர் மரக்கதவுகளின் நோய் எனக்குத் தெரியும். இது அவற்றில் எதுவும் இல்லை. நுண்ணோக்கியில் இதன் விதைத்தூள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் அமுங்கினாற்போல் இருக்கிறது. இந்த வகைப் பூஞ்சைகளில் அப்படி யாரும் எழுதி வைத்ததில்லை. மரபணுச் சோதனைக்கும் கொடுத்திருக்கிறேன்.

இன்னும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது. ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? இது புது இனம் என்று நினைக்கிறேன். அதிலும் எண்ணெய் குடித்த மரத்தில் வளர்ந்திருக்கிறது. எந்தப் பூஞ்சையும் நெருங்காது என்று நினைத்துத்தான் உலகம் பூராவும் அந்த எண்ணெயைப் பூசுகிறார்கள். உன் பாலத்துக்கு அடியில் ஒன்று அதையும் தின்று செரிக்கிறது என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

வேறு பலகையிலிருந்து இன்னும் இரண்டு துண்டு, மரத்தோடு சேர்த்து வெட்டி அனுப்பு. உன் வீட்டுக்காரியையும் பெண்ணையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு அனைவரும் நலம். தோள் வலி எப்போதோ போய்விட்டது.

கேட்ட துண்டுகளை அனுப்பியிருக்கிறேன். பதில் தாமதமாகிவிட்டது. பாலத்தில் அறுநூற்று நாற்பது பலகைகள், எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். பெண்ணுக்குப் பள்ளியில் தையல் போட்டியில் இரண்டாம் பரிசு. எங்கள் ஸ்டோர் அண்ணனைத் தெரியுமில்லையா, எண்ணெய் டின்களுக்கும் ஆணி திருகுகளுக்கும் பொறுப்பாளர், அவரை விசாரிக்கிறார்கள். எண்ணெயில் ஏதோ கலந்து கொடுத்திருப்பார் என்று அதிகாரிக்குச் சந்தேகம். டின்கள் எல்லாம் தீர்ந்துவிட்டதால் சோதிக்க ஒன்றுமில்லை. ஏரியில் தண்ணீர் இந்த வருடம் குறைவு. வாத்துகளும் குறைவு.

புது இனம் என்று அவசரப்பட்டு யாரிடமும் சொல்ல வேண்டாம் அக்கா. நன்றாகப் பார்த்துவிட்டுச் சொல். பாலத்து மரம் பழைய மரம். பழைய மரத்தில் என்னென்னவோ வரும்.

உன் தம்பி


மார்ச் 16

அன்பு ஆச்சுவுக்கு,

நாங்கள் நலம். நீயும் குடும்பமும் நலமாக இருக்க வேண்டும். தையல் பரிசுக்காரிக்கு அத்தை ஒரு கத்தரிக்கோல் வாங்கி வைத்திருக்கிறேன்.

யாரிடமும் சொல்லாதே என்று நீ எழுதின கடிதம் ஒரு நாள் தாமதமாக வந்தது. முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மரபணுச் சோதனை வந்துவிட்டது. புது இனமேதான். எங்கள் வருடாந்திரக் கூட்டத்தில் எழுபது பேர் முன்னால் உன் பாலாடையைத் திரையில் காட்டினேன். எண்ணெய் பூசின மரத்தில் வளர்கிறது என்றதும் கடைசி வரிசை வரைக்கும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஒருத்திதான் கேள்வி கேட்டாள். என் எதிர் மேசைக்காரி. பதினெட்டு வருடமாக எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்கிறோம். ஒரு தடவைகூட அவள் என் வேலையை நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. "மரத்துல எண்ணெய் இருக்குன்னு யார் பாத்தது?" என்றாள். "என் தம்பி கையால பூசினது. அவன் எழுதிக் கொடுத்திருக்கான்" என்றேன். "எழுதினது சரி, மரத்தைச் சோதிச்சீங்களா?" என்று மறுபடியும் கேட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல, அதான் புரியல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அது கிடக்கட்டும். புது இனத்துக்குப் பெயர் வைக்கும் உரிமை என்னுடையது. யார் பெயரை வைப்பேன் என்று நினைக்கிறாய்? உன் பட்டப்பெயருக்குப் பின்னால் லத்தீனில் ஒரு சின்ன வால் ஒட்டினால் போதும். உலகம் இருக்கிற வரைக்கும் அந்தப் பூஞ்சை உன் பெயரைச் சொல்லும். அப்பா இருந்திருந்தால், போயும் போயும் பூஞ்சைக்கா என்று கேட்டிருப்பார்.

கட்டுரைக்காக, எண்ணெயில் ஊறின மரக்கட்டைகளில் இதை ஜாடிகளில் வளர்க்கத் தொடங்கியிருக்கிறேன். எட்டு வாரம் ஆகும்.

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம், அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

பெயர் விஷயம் வேண்டாம். நான் தச்சன், எனக்கெதற்கு லத்தீன் வால். நாளைக்கு யாராவது அந்தப் பூஞ்சை தன் வீட்டுக் கதவைத் தின்றுவிட்டது என்று என் பெயரைச் சொல்லித் திட்டுவார்கள். உன் பெயரையே வை. இல்லாவிட்டால் அத்தான் பெயரை வை, அவர் மகிழ்ந்து போவார். உண்மையாகவே சொல்கிறேன், என் பெயர் வேண்டாம்.

ஸ்டோர் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போன திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தார். என் உளி ஒன்று ஸ்டோர் அறையில் கிடந்ததாம், கொடுத்துவிட்டுப் போனார்.

வேறு விசேஷம் இல்லை. பாலம் மூடியிருக்கிறது. மேல் பலகைகள் வெயிலில் பளபளக்கின்றன, பார்க்கிறவர்கள் இதையா மூடி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள்.

உன் தம்பி


மே 12

ஆச்சுவுக்கு,

நலம். நலம்தானே?

ஜாடிகளை நேற்றுத் திறந்தேன். வெறும் மரக்கட்டையில் உன் பூஞ்சை ஆசை ஆசையாகப் படர்ந்திருக்கிறது. எண்ணெய்க் கட்டையில் ஓரத்தைத் தொட்டதும் கருகி நின்றுவிட்டது. மூன்று வரிசை ஜாடிகள், மூன்றிலும் அதே கதை. எண்ணெயைப் பாதிக்குப் பாதி குறைத்துப் பூசின கட்டையிலும் செத்துவிட்டது. என் கைதான் எங்கோ தப்புச் செய்கிறது என்று நினைக்கிறேன். வயதாகிவிட்டதோ என்னவோ.

அதனால் இதற்கு மட்டும் விவரமாகப் பதில் எழுது. என்ன எண்ணெய், எத்தனை பூச்சு, கீழ்ப்பக்கம் கடைசியாக எந்த மாதம் பூசினாய், எத்தனை நாள் காய்ந்தது? பதிலில் ஆச்சு என்ற சொல் மட்டும் வரக் கூடாது.

அக்கா


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன். உடனே எழுதுகிறேன். முழங்காலைக் கவனித்துக்கொள்.

எண்ணெய் வழக்கமாக வருவதுதான், தேன் நிறம். இரண்டு பூச்சு. கீழ்ப்பக்கம் கடைசியாகப் போன அக்டோபரில், பதிவேட்டில் தேதி இருக்கிறது, பதினான்கிலிருந்து இருபத்தொன்று வரைக்கும். நான்கு நாள் காய்ந்தது. உன் கையில் தப்பு எதுவும் இருக்காது. ஒருவேளை எண்ணெயிலேயே கோளாறு இருக்கலாம். ஏதோ கலந்திருக்கும் என்றுதான் இங்கு எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. இருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

உன் தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

ஏழு வாரமாக உனக்கு எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன், அவ்வளவுதான். நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

நீ அனுப்பின மரத்துண்டுகளை வேதியியல் பிரிவில் கொடுத்துச் சோதித்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. கலப்பட எண்ணெய் பூசியிருந்தாலும் அதில் கொஞ்சமாவது மரத்துக்குள் போயிருக்கும். உன் துண்டுகளின் மேல்பக்கத்தில் எண்ணெய் விரல்கடை ஆழம் இறங்கியிருக்கிறது. நல்ல எண்ணெய், சுத்தமான எண்ணெய், பூச வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. கீழ்ப்பக்கத்தில் வெளுத்துப்போன பழைய கறையைத் தவிர ஒரு சொட்டு இல்லை. போன அக்டோபரில் பூசியது இல்லை, அதற்கு முந்தைய அக்டோபரில் இல்லை, அதற்கும் முந்தைய வருடமும் இல்லை.

மே மாதக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. இவ்வளவு நன்றாகப் பூசி மெழுகத் தெரிந்தவன் மரத்துக்குப் பூசியிருக்கலாம். நீ சோம்பேறி என்பது எனக்குப் புதிதில்லை. இல்லாத கலப்படத்தை உன் கையெழுத்தில் எழுதி, வேலை போன ஒரு மனிதர் தலையில் கட்டினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடிதத்தை அத்தான் கண்ணில் படாமல் அலமாரியில் ஒளித்து வைத்தேன். என் தம்பியின் கடிதத்தை நான் ஒளித்து வைத்தது இதுதான் முதல் தடவை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சோதனை முடிவு கையில் வந்த அன்று, எண்ணெய் பற்றிய வரியை மட்டும் கட்டுரையிலிருந்து சத்தமில்லாமல் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். யாருக்கும் தெரியாது. உன் மானமும் போகாது, என் மானமும் போகாது. அப்படி நினைத்துக்கொண்டு இரண்டு நாள் எதிர் மேசைக்காரியின் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தேன். எழுபது பேர் முன்னால் அவளை அடக்கி உட்கார வைத்த வாய் இது. நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

சின்ன வயதில் நீ செடிக்குத் தண்ணீர் ஊற்றாமலே அம்மாவிடம் ஆச்சு என்று சொல்லிவிட்டு விளையாட ஓடுவாய். அம்மா கொல்லைப்பக்கம் போவதற்குள் நான் பின்னாலேயே போய் ஊற்றிவிட்டு வருவேன். உனக்குத் தெரியுமோ தெரியாதோ. தெரிந்திருக்கும். எத்தனை வருடம் அப்படிச் செய்தேன். நீ சொன்னால் அது எப்படியோ நடந்துவிடும் என்று உனக்குப் பழக்கினவள் நான்தான். அதில் எனக்கும் வெட்கம்தான்.

இந்தத் தடவை என்னால் பின்னாலேயே வர முடியாது. கட்டுரையை ஆகஸ்ட் கடைசியில் அனுப்புகிறேன். அதில் மரத்தைப் பற்றி உள்ளதுதான் இருக்கும். ஆனால் உன் அதிகாரி அதைப் படிக்கப் போவதில்லை. பூஞ்சைக்காரர்கள் இருநூறு பேர் படிப்பார்கள், உன் ஸ்டோர் அண்ணனுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நீ பேசாமல் இருந்தால் இது இப்படியே போய்விடும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 5

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். இப்போது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

கீழ்ப்பக்கம் பூசுவது என்றால் படகில் மல்லாந்து படுத்துக் கையைத் தூக்கிப் பூச வேண்டும். எண்ணெய் முகத்தில் சொட்டும், கண்ணில் சொட்டும். ஏணியிலிருந்து விழுந்த வருடம் தோளைத் தூக்க முடியவில்லை. சொன்னால் பூங்கா வாசலில் நுழைவுச்சீட்டுக் கிழிக்கப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, பதிவேட்டில் 'மேலும் கீழும், ஆச்சு' என்று எழுதிவிட்டேன். மிச்ச எண்ணெயை மேல்பக்கத்திலேயே இன்னொரு தடவை ஊற்றினேன். பாலம் பளபளத்தது. அதிகாரி பாராட்டினார். அது முதல் தடவை. அடுத்த தடவை தோள் வலி இல்லை. அதற்கும் அடுத்த தடவையும் இல்லை. யாரும் குனிந்து பார்க்கவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் கிடையாது அக்கா. ஏதாவது காரணம் இருந்தால் தேவலை என்று இருக்கிறது.

ஸ்டோர் அண்ணன் உளியைக் கொடுத்துவிட்டுப் போனார் என்று எழுதியிருந்தேன். அவர் உளிக்காக வரவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பூசினவன் நீ. உனக்குத்தான் தெரியும். நான் குடுத்த எண்ணெய் தண்ணியாவா இருந்துச்சு?" என்று கேட்டார். நான் உளியின் முனையைப் பார்த்துக்கொண்டு, "நான் என்னத்தண்ணே கண்டேன்" என்றேன்.  அவர், "சரி, நல்லா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த உளியை நான் அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

போன புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டியூபுக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் கை டியூபை விடவில்லை.

"எத்தனை வருஷம்?" என்றார்.

"மூணு, அண்ணே."

"அப்ப ஆறு தடவை. ஆறு தடவையும் என் கையாலதான் டின்னைத் தூக்கிக் குடுத்தேன். பாத்துப் பூசு, கண்ணுல பட்டுடப் போவுதுன்னு வேற சொல்லி அனுப்புவேன்."

டியூபில் ஒட்டின இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

"அன்னைக்கு உன் வாசல்ல வந்து கேட்டேனே" என்றார். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அவர் என்னை அடித்திருக்கலாம். உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "நட, ஆபீஸ் போலாம்" என்றார். அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால்.  அதிகாரியின் மேசைக்கு முன்னால் போய் நின்றோம். "சொல்லு" என்றார் ஸ்டோர் அண்ணன். சொன்னேன். அதிகாரி பதிவேட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டி, என் கையெழுத்துள்ள ஆறு இடங்களையும் சத்தமாகப் படித்தார். மேலும் கீழும், ஆச்சு. மேலும் கீழும், ஆச்சு. அறையில் ஏழு பேர் இருந்தார்கள். ஆறாவது தடவை படிக்கும்போது எனக்குத் தரையைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியவில்லை.

ஸ்டோர் அண்ணனை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். என் தலைமைத் தச்சன் பதவி போய்விட்டது. விசாரணை முடியும்வரை நான் வெறும் கூலி ஆள். அறுநூற்று நாற்பது பலகைகளின் கீழ்ப்பக்கத்தையும் சுரண்டி, கெட்டதை மாற்றி, நான் ஒருவனாகவே பூச வேண்டும். வீட்டில் இரண்டு நாள் பேச்சு இல்லை. பெண்தான் "அந்த ஆன்ட்டியோட கால் சரியாயிடுச்சாப்பா?" என்று கேட்டாள். ஏழு மாதத்தில் நான் அதை ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நேற்று விசாரித்தேன். இன்னும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறாராம்.

புது லேபிள் ஒன்று நிரப்பி வைத்திருக்கிறேன். பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை ஒட்டிவிடு. அந்த ஒன்றை மட்டும் எனக்காகச் செய்.

தம்பி


ஆகஸ்ட் 27

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தை அத்தானிடம் படிக்கக் கொடுத்தேன். அலமாரியில் இருந்ததையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அன்று பூராவும் பேசாமல் இருந்தார், அவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். மறுநாள் காலையில், "போய்ச் சொன்னானே" என்றார். அவ்வளவுதான்.

எதிர் மேசைக்காரியிடம் மன்னிப்புக் கேட்டேன். தனியாக இல்லை, மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டேன். உன்னுடைய ஏழு பேரைப் போல எனக்கு முப்பது பேர். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்குத் தம்பி இல்லைங்கிறது வாஸ்தவம்தான். அதனாலதான் மரத்தைப் பாக்கணும்னு தோணுச்சு" என்றாள். இப்போது கட்டுரையில் அவள் பெயரும் இருக்கிறது. பூஞ்சைக்குப் பெயர் வைத்ததும் அவள்தான். உன் பெயர் இல்லை, நிம்மதியாக இரு. அடிப்பக்கத்தில் வாழ்வது என்று பொருள் வரும் ஒரு லத்தீன் சொல்.

லேபிள் விஷயத்தில் மட்டும் நீ கேட்டதைச் செய்ய முடியாது. பூஞ்சை மாதிரிகளைப் பத்திரப்படுத்தும் எங்கள் பெட்டகத்தில் ஒரு விதி உண்டு. மாதிரியோடு வந்த முதல் லேபிளை யாரும் கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, மறைக்கவும் கூடாது. தப்பு என்று தெரிந்தால் பக்கத்தில் புது லேபிள் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்துப் போட வேண்டும். நூறு வருடம் கழித்து எடுத்துப் பார்க்கிறவனுக்கு எது முதலில் எழுதப்பட்டது, யார் எப்போது திருத்தினார்கள் என்று இரண்டும் தெரிய வேண்டும். புது இனத்தின் மூல மாதிரி என்றால் உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். எனக்கு வருத்தம்தான், ஆனால் அதை நான் செய்ய மாட்டேன்.

உன் புது லேபிளை நேற்று என் கையால் ஒட்டினேன். 'மரத்தின் பராமரிப்பு: மேல்பக்கம் எண்ணெய் உண்டு. கீழ்ப்பக்கம் மூன்று வருடமாகப் பூசப்படவில்லை. முன்பு எழுதியது பொய்.' பொய் என்ற சொல் எங்கள் பெட்டகத்தில் வேறு எந்த லேபிளிலும் இல்லை. தவறு என்றுதான் எழுதுவார்கள். மாற்றி எழுதச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டு லேபிளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே கையெழுத்து.

பெண்ணுக்குக் கத்தரிக்கோல் தனியாக அனுப்பியிருக்கிறேன். தோளைப் பார்த்துக்கொள்.

அக்கா


அக்டோபர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். தோள் கொஞ்சம் வலிக்கிறது, சொல்லிவிட்டேன், ஒருநாள் விட்டு ஒருநாள் பூசினால் போதும் என்றார்கள். பெண் கத்தரிக்கோலை யாரையும் தொட விடுவதில்லை.

லேபிள் இருக்கட்டும். முதலில் உன் மேல் கோபம்தான் வந்தது. இங்கே பதிவேட்டிலும் அதே மாதிரிதான் செய்திருக்கிறார்கள். ஆறு இடங்களிலும் அடிக்காமல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

கால் முறிந்த அம்மாவைப் போய்ப் பார்த்தேன். நான்தான் காரணம் என்றேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் செய்தது சரிதான்.

இதுவரை இருநூற்றுப் பதினோரு பலகைகள். இப்போதெல்லாம் பதிவேடு ஸ்டோர் அண்ணன் கையில். டின்னைக் கொடுக்கும்போது 'பாத்துப் பூசு' என்று அவர் சொல்வதில்லை. வேலையைத் தவிர வேறு எதுவும் என்னிடம் பேசுவதில்லை. சாயங்காலம் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்து நிற்பார்.

நேற்றும் வந்தார். நான் பாலத்துக்கு அடியில் படகில் மல்லாந்து கிடந்தேன், முகமெல்லாம் எண்ணெய்.

"ஆச்சா?" என்று கேட்டார்.

அந்தச் சொல் வாய் வரைக்கும் வந்துவிட்டது அக்கா. விழுங்கிவிட்டேன். படகைக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போய், அவர் ஏறுவதற்குப் பிடித்துக்கொண்டேன்.

"வந்து பாருங்கண்ணே" என்றேன்.

தம்பி